மச்சான் வாங்காத மாடல்

சித்தப்பாவிடம் கேட்டால் அன்றைக்கு ஷோரூமில் ஒன்றுமே நடக்கவில்லை என்பார். சித்தியிடம் கேட்டால் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றுவார். அதனால் நான் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப வேண்டியிருக்கிறது.

சித்தப்பா வண்டி வாங்க எங்கள் ஷோரூமுக்கே வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டவர் அவர். நான் படுத்துத் தூங்குவது அவர் வீட்டு மாடி அறையில். ஷோரூமிலோ என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வண்டி கழுவும் கொட்டகையிலிருந்து என்னை மேலே தூக்கி, வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து சீட்டில் உட்காருகிற வேலைக்குப் போட்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு இடத்திலும் நல்ல பேர் எடுக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

சித்தப்பாவுக்குப் பிடித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுதான். ஆனால் அது இரண்டு விதமாக வரும். ஒன்று ரோடு மாடல். கியர் தானாக மாறும், சீட் சாயும், பின்னால் பூனைக்குட்டி உட்காருகிற அளவுக்கு இரண்டு சீட் இருக்கும். இன்னொன்று டிராக் மாடல். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்தது. எடை குறைவு, சத்தம் அதிகம். கிளட்ச் மிதித்து, கையால்தான் கியர் போட வேண்டும். பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாய். முதுகுப் பக்கம் இஸ்திரிப் பலகை மாதிரி ஓர் இறக்கை. சீட் சாயாது, அசையாது. ஆமை ஓட்டைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். உள்ளே இறங்கினால் ஓடு உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

வயதுக்கும் வசதிக்கும் ரோடு மாடல்தான் சரி என்று யாருக்கும் தெரியும். சிக்கல் என்னவென்றால், அதைச் சித்தியின் தம்பி போன வருஷமே வாங்கிவிட்டார். வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் சரியாக வாசலை மறித்துத்தான் அதை நிறுத்துவார். உள்ளே போகிற அத்தனை பேரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சித்தப்பா மட்டும் பின் வாசல் வழியாகப் போவார்.

ரோடு மாடல் போதாதா என்று நான் ஒரு தடவை மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"மச்சான் வண்டியும் என் வண்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னா, ரெட்டைப் புள்ளைங்களுக்கு ஒரே துணியில சட்டை தச்ச மாதிரி இருக்கும்டா. அவன் வாங்காததா வேணும்" என்றார் சித்தப்பா.

இதுவரைக்கும் இது சிரிக்கிற விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் அவருடைய இடது செருப்பு. மாடிப்படியில் அவர் ஏறி வரும்போது வலது காலுக்குச் சத்தமே இருக்காது. இடது கால் மட்டும் 'தப்' என்று விழும், அடுத்த படிக்குப் போகும்போது நுனி இடிக்கும். செருப்பைத் தேய்த்து நடக்காதீர்கள் என்று சித்தி திட்டுவார். சித்தப்பா சிரிப்பார். தரைக்கு டைல்ஸ் பதிக்கிற கம்பெனி அவருடையது. வேலைக்குப் போகிற வேனை அவர்தான் ஓட்டுவார். சில மாதமாக அதற்கு ஓர் ஆளைப் போட்டுவிட்டார். முதலாளி ஆகிவிட்டேன் இல்லையா என்று அதற்கும் சிரிப்பு. வீட்டுக் காருக்குக் கிளட்ச் கிடையாது. ஆக, அவர் இடது காலை யாரும் சோதித்துப் பார்க்க வழியே இல்லாமல் இருந்தது.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். சித்தி வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார். எங்கள் விற்பனையாளருக்கு நான் வைத்த பேர் டைக்காரர். பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டையை ஒரு தடவை நேராக்குவார். அவர் சித்தப்பாவை நேராக டிராக் மாடலுக்கே கூட்டிப்போனார். சித்தி சோபாவில் உட்கார்ந்து, காபி இயந்திரத்தையும் இறக்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேனேஜர் ஒரு பெண்மணி. டிராக் மாடல் விஷயத்தில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும், வாடிக்கையாளர் காதில் விழாமல், பக்கத்தில் உட்கார்ந்து போன எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இந்த ஆள் பக்கத்தில் மறுபடியும் உட்காருவாயா? உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அந்த ஆளுக்கு டிராக் மாடல் கிடையாது. ஏதாவது நயமாகச் சொல்லி ரோடு மாடல் பக்கம் திருப்பிவிடுவார். உட்காருவேன் என்றால் கதவு திறந்த மாதிரி. வேண்டுமானால் அவர்கள் வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு தனியாகவே ஒரு சுற்று போய் வரலாம். ஒரு வாடிக்கையாளர் டிராக் மாடலை ஊர்க் கோட்டை மதிலில் மோதிய பிறகு வந்த பழக்கம் என்று கொட்டகையில் சொல்வார்கள். வெளியில் யாருக்கும் இது தெரியாது. சித்தப்பாவிடமும் நான் சொன்னதில்லை.

இங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். கதவைத் திறந்ததும் சித்தப்பா திரும்பி உட்கார்ந்து, வலது காலை உள்ளே போட்டார். இடது கால் வெளியே தரையில் இருந்தது. முட்டிக்கு மேல் பேண்ட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி அந்தக் காலை உள்ளே வைத்தார்.

"மடிப்புக் கலையக்கூடாதுல்ல" என்றார் டைக்காரரிடம். தமிழ் புரியாவிட்டாலும் டைக்காரரும் தலையாட்டினார்.

ஷோரூம் கேட் தாண்டி ரவுண்டானா வரைக்கும் நன்றாகத்தான் போனது. சித்தப்பா இடது குதிகாலை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு, காலைக் கிளட்ச்சை விட்டு எடுக்கவே இல்லை. எடுக்காத வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறியது. அவர் முகம் பார்க்கப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. நான்தான் செருப்பையும் சத்தத்தையும் வைத்து இல்லாததை எல்லாம் கற்பனை செய்துகொண்டேன் போல என்று நினைத்தேன். தோளைக்கூடக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

மேட்டுச் சாலையில் ஒரு சிக்னல். ஏற்றம் அங்கே நன்றாகவே செங்குத்தாக இருக்கும். சிவப்பு விழுந்தது, நின்றோம். நீண்ட சிவப்பு. கால் வலித்திருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, இடது காலை எடுத்துத் தரையில் வைத்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சைக்கிளில் வந்து ஒட்டி நின்றதைப் பார்த்தேன். சைக்கிளின் பின் சீட்டில் ஒரு குழந்தை, தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

பச்சை விழுந்தது.

சித்தப்பாவின் முட்டி மேலே வந்தது. ஆனால் பாதம் அதனுடன் வரவில்லை. நுனி தொங்கியபடி போய்க் கிளட்ச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவருக்கு அது தெரியவில்லை. மிதித்துவிட்டோம் என்று நினைத்துக் கியரைத் தள்ளினார். இரும்பை இரும்பால் அரைக்கிற சத்தம். வலது கால் அதற்குள் பிரேக்கை விட்டிருந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

நான் கத்தியிருக்க வேண்டிய வார்த்தை பிரேக். வாயில் வந்தது "சித்தப்பா" மட்டும்தான். அதையும் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். அவர் கீழே குனிந்து காலைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ இறக்கையில் 'பட் பட்' என்று அறைந்தார்கள். நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

வண்டி நின்றது. சைக்கிள்காரப் பெண் ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் எங்கள் இறக்கையையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு நின்றார். முன் சக்கரம் எங்கள் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். சைக்கிளை உருட்டி நடைபாதையில் ஏற்றிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சித்தப்பா குனிந்து, கையால் பாதத்தைப் பிடித்துக் கிளட்ச் மேல் வைத்தார். சாலையின் ஓரத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தினார்.

"வழுக்கிருச்சு" என்றார்.

நான் அவர் இடது ஷூவையே பார்த்தேன்.

"சரி, வழுக்கல." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வருஷக்கணக்கில் மண்டி போட்டு வேலை செய்ததில் முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடுகிற ஒரு நரம்பு நசுங்கிவிட்டதாம். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அதுதானாம். மேல் பாதத்தில் கிள்ளினாலும் தெரியாதாம். டாக்டர் பயப்படாதே என்றிருக்கிறார், ஆறு மாதம் முட்டிக்கு ஓய்வு கொடுத்தால் திரும்ப வர வாய்ப்பு உண்டு என்றிருக்கிறார். அதுவரை கிளட்ச் வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

"ஆறு மாசம் மண்டி போடக் கூடாதாம். மண்டி போடாம டைல்ஸ் ஒட்டுறவன எங்கயாவது பாத்திருக்கியா நீ? உங்க சித்திக்குத் தெரிஞ்சா கம்பெனியவே மூடிருவா. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும்."

சித்தியும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன். இந்த வண்டி வேண்டாம் சித்தப்பா என்று மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்றார். பழக்கத்தால் வருகிற விஷயமா அது? யாரோ ஒரு குழந்தையின் ஹெல்மெட் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

திரும்பி வந்ததும் மேனேஜர் என்னைக் காபி இயந்திரத்துப் பக்கம் கூப்பிட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வண்டியின் கூரை மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். சொந்த அண்ணன் மகன், சோறு போட்ட கையை வேறு ஊர்க்காரர்கள் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பான்? ஓட்டத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி இவர்களிடம் என் வாயால் எப்படிச் சொல்வேன்? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், வண்டி கைக்கு வர எப்படியும் மாதங்கள் ஆகும், அதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு டைக்காரருக்குத் தலையசைத்தார். டைக்காரர் டையை நேராக்கினார்.

அப்போதுதான் சித்தி சோபாவிலிருந்து எழுந்தார்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்றார் சித்தப்பாவிடம்.

டைக்காரர் தாராளமாகப் போகலாம் என்றார். தனியாகவே போய் வரலாமாம், ஷோரூமுக்கு ஆட்சேபம் இல்லையாம். வண்டியில் இரண்டே சீட். நான் போக முடியாது. கதவைத் திறந்துவிட்டது என் வாய்தான் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதும்போல நடந்து போனார். அந்த இடது நுனி மட்டும் பளபளப்பான தரையில் ஒரு தடவை உரசியது.

நான் சித்தி பின்னாலேயே போனேன். சீட் கல் மாதிரி இருக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும் என்றேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். மேட்டுச் சாலையில் நெரிசல் என்றேன்.

"என்னடா இது, கடைக்காரனே யாவாரத்தக் கெடுக்கிற?" என்றார் சித்தி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சித்தப்பா உட்காரும் அழகைப் பார்க்க ஓட்டுகிற பக்கத்துக் கதவருகே என் பக்கத்திலேயே நின்றார்.

சித்தப்பா திரும்பி உட்கார்ந்தார். வலது கால் உள்ளே போனது. இடது கால் வெளியே இருந்தது. கை பேண்ட்டைப் பிடிக்கப் போனது.

"சித்தப்பா, லேஸ் அவுந்திருக்கு. இருங்க, கட்டி விடுறேன்."

அவிழ்ந்திருக்கவில்லை. நான் அதற்குள் மண்டி போட்டுவிட்டேன். பெரியவர் காலைத் தொடுவதில் யாரும் தப்பு காண மாட்டார்கள். டைக்காரர்கூட மரியாதையாக ஒதுங்கி நின்றார். நான் லேஸை இழுத்து அவிழ்த்தேன். ஷூவின் நாக்கைத் தூக்கி, சாக்ஸை விரலால் கீழே இறக்கினேன். மேல் பாதத்தின் தோல் வெளுத்துத் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரல் நகத்தையும் அதில் வைத்து, என் பலம் முழுவதையும் போட்டுக் கிள்ளினேன்.

சித்தப்பா டைக்காரரிடம் டயரைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மழைக்கு இந்த டயர் பிடிக்குமா என்று. டைக்காரர் விளக்கினார். சித்தப்பா கேட்டுக்கொண்டார். இன்னொரு கேள்வியும் கேட்டார்.

நான் கிள்ளியதை விடவில்லை. நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பு ஆனது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். சித்தியின் கண் என் விரலில் இருந்தது. அங்கிருந்து சித்தப்பாவின் முகத்துக்குப் போனது. திரும்பவும் என் விரலுக்கு வந்தது. என் மணிக்கட்டைத் தட்டிவிடத்தான் முதலில் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

"ஆச்சாடா?" என்றார் சித்தப்பா, கீழே பார்க்காமல்.

"என்னங்க" என்றார் சித்தி. "அவன் என்ன பண்ணிட்டிருக்கான்னு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். என் விரல்களை, சிவந்த தோலை, இறங்கிக் கிடந்த சாக்ஸை. நான் கையை எடுத்தேன். நகத்தின் தடம் இரண்டு பிறைகளாக அங்கேயே இருந்தது. அவர் முகம் அன்றைக்குப் போன மாதிரி போய் நான் பார்த்ததில்லை. என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எத்தன நாளா?" என்றார் சித்தி.

சித்தப்பா பேண்ட் மடிப்பைச் சரிசெய்தார்.

"இவனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் யார்ட்டயும் சொல்லல" என்றார் சித்தப்பா.

சித்தி என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டு, லேஸை அவரே கட்டினார். குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு முடிச்சு. டைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டி பிடிக்கவில்லையா என்று என்னிடம் கேட்டார்.

சித்தி நிமிர்ந்தார். சுவரோரம் நின்ற ரோடு மாடலைக் காட்டி, அதை ஓட்ட இடது கால் வேண்டுமா என்று அவரிடமே கேட்டார், அவர் பாஷையில், நிறுத்தி நிறுத்தி. அந்த மாதிரிக் கேள்வி டைக்காரரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தேவையே இல்லை அம்மா, அந்தக் காலுக்கு வேலையே கிடையாது என்றார் மகிழ்ச்சியாக.

"அது உன் தம்பி வண்டி" என்றார் சித்தப்பா தமிழில்.

"என் தம்பி வண்டி அவன் வீட்ல நிக்குது. இது வேற."

"பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து உங்களத் தூக்கிட்டுப் போவானா?"

சித்தப்பா எழுந்திருக்கப் பார்த்தார். ஆமை ஓடு விடவில்லை. நான் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. கதவு விளிம்பைப் பிடித்து, தம் கட்டி, மூன்றாவது முயற்சியில்தான் வெளியே வந்தார். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சித்தியின் கைப்பையை இறுக்கிக்கொண்டேன்.

மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ரோடு மாடல் சாவியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விரல் சாவியை உடனே விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்னை மறுபடியும் கழுவும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள்.

ரோடு மாடலில் சித்தி முன்னால் உட்கார்ந்தார். நான் அந்தப் பூனைக்குட்டி சீட்டில், முட்டி தாடையில் இடிக்க. மேட்டுச் சாலைப் பக்கம் போகாமல் சித்தப்பா ஆற்றோரச் சாலையைப் பிடித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் என் முகம் தெரிந்திருக்கும்; அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

"சப்புன்னு இருக்கு" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கன்னம் ஈரமாக இருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் நின்றோம். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சித்தப்பா ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, இடது முட்டியின் வெளிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். எங்கள் இருவர் முன்னாலும், மறைக்காமல், மெதுவாக.

"செவ்வாய்க்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்காரு" என்றார் பஸ்ஸைப் பார்த்தபடி. "நீ வர்றியா?"

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ் போயிருச்சு" என்றார். "எடுங்க."